வெடிக்காத பூரணக் கொழுக்கட்டை



திருமுடிவாக்கம் பக்கம் பொழுது விடிஞ்சா இரண்டு அவசரம். ஒருத்தர் வயலுக்கு, இன்னொருத்தர் சிட்கோ தொழிற்பேட்டையிலே ஷிப்டுக்கு. பாதிப் பேர் வெறும் டீத்தண்ணியோடு கிளம்பிவிடுகிறார்கள். 2022-இல் துவங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு வீட்டிலேதான் வழி பண்ணணும். சட்னி, சாம்பார் கேட்காமல் கையிலே எடுத்துக்கிட்டுப் போகிற பலகாரம் பூரணக் கொழுக்கட்டை. அதைப் பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் ஒதுக்கி வைப்பானேன்?

"மாவு வெடிச்சுப் போகுதே!" என்பீர்கள். கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலே ரப்பர் மாதிரி இழுபடும். அரிசிக்கு அந்தப் பசைச் சத்து கிடையாது. கொதிக்கிற தண்ணீர் பட்டு மாவு பாதி வெந்தால்தான் ஒட்டும். ஆகவே கை வெந்நீரில் பிசைவது வீண் வேலை.

பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணிமேல் பரப்பி, லேசான ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். மாவு 1 டம்ளருக்குத் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை டம்ளர். பழைய அரிசியானால் கொஞ்சம் கூடக் கேட்கும். தை அறுவடைப் புது அரிசிக்குக் குறைச்சல் போதும். உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கொட்டிக் கிளறி, இறக்கி மூடிவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தொட்ட கையால் பிசையுங்கள். பிறகு ஈரத்துணி போட்டு மூடணும். காய்ந்த மாவுதான் விரியும்.

காரப் பூரணத்துக்கு ஊறின கடலைப்பருப்பு 1 டம்ளர், மிளகாய் நாலு, உப்பு, பெருங்காயம். தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, கடுகு தாளித்து, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு வதக்குங்கள். 100 கிராம் கடலைப்பருப்பில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. அரிசிப் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு சரிக்கட்டும். பூரணம் நன்றாய் ஆறி, உலர்ந்து இருக்கணும். ஈரமாய் வைத்தால் உள்ளே ஆவி கிளம்பி வாயைப் பிளந்துவிடும். பானைத் தண்ணீர் கொதித்த பிறகே தட்டை வையுங்கள். 10 நிமிஷம் போதும்.

ஒன்று கண்டிப்பாய்ச் சொல்லணும். தேங்காய்ப் பூரணத்தை ராத்திரியே கிளறி வெளியில் வைத்துவிட்டு, காலையில் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள். வெயில் காலத்தில் சீக்கிரம் கெடும். நாற்றம் தெரியாமலே கெட்டுப்போவதும் உண்டு, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். சுடச்சுட டப்பாவில் அடைத்தாலும் வியர்த்துக் கெடும். ஆறின பிறகே மூடுங்கள்.

முன்கூட்டிச் செய்ய எள்ளுப் பூரணம்தான் தோது. எள்ளைப் படபடவென்று பொரியும்வரை வறுத்து, ஆறினதும் வெல்லத்தோடு இடித்து, ஈரமில்லாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாய் வரும். ஈரக் கரண்டி மட்டும் போடக் கூடாது. காலையில் மாவைக் கிளறி அடைக்கிற வேலைதான் பாக்கி.

கேழ்வரகிலும் செய்யலாம். தனிக் கேழ்வரகு அதிகம் விரியும். பாதிக்குப் பாதி அரிசி மாவு கலந்துகொள்ளுங்கள்.