மிருதங்கத்துக்கும் ஓர் இடம்

கோடம்பாக்கத்தில் ஒரு காலத்தில் பாட்டு பதிவு என்றால் பாடகர், வயலின் வரிசை, தபலா, புல்லாங்குழல் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் யாரோ ஒருவருக்குச் சுருதி பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனித் தடத்தில் பதியும் காந்த நாடாக் கருவிகள் வந்தன. அங்கேயும் வெட்டி ஒட்டுவது என்றால் நிஜமாகவே பிளேடால் நாடாவை வெட்டி, பசை டேப்பால் இணைப்பதுதான். வெட்டியது வெட்டியதுதான்.

இன்று அந்த வேலை அத்தனையும் மடிக்கணினிக்குள் நடக்கிறது. டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன் என்று முழுப்பெயர். ஸ்டுடியோக்காரர்கள் சுருக்கமாக 'டா' என்பார்கள். 1991-இல் புரோ டூல்ஸ் வந்தபோது அதில் 4 டிராக்குகள்தான். இப்போது சாதாரணக் கணினியிலேயே ஐம்பது, அறுபது டிராக் ஓடும். நான் பயன்படுத்துவது ரீப்பர். ஒரு தலைமுறையே பாட்டுக் கேட்ட வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் உருவாக்கினார். 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம்.

திரையில் தெரிவது எளிய படம். ஒன்றின் கீழ் ஒன்றாக நீண்ட பட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு டிராக். பதியப் பதிய அதில் ஒலியின் வடிவம் மலைத்தொடர்போல் வளர்ந்துகொண்டே போகும். அந்தப் படத்தை வெட்டலாம், நகர்த்தலாம், நீட்டலாம். ஆனால் நீங்கள் வெட்டுவது ஒலியை அல்ல. மூல ஒலிக்கோப்பு வட்டில் அப்படியே இருக்கும். "இந்த நொடியிலிருந்து அந்த நொடிவரை மட்டும் வாசி" என்ற குறிப்பைத்தான் மென்பொருள் எழுதி வைக்கிறது. நாளைக்கு மனம் மாறினால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும், வெட்டிய பகுதி திரும்ப வந்துவிடும். பிளேடு பிடித்த கைகளுக்குக் கிடைக்காத நிம்மதி இது.

மைக்கிலிருந்து வரும் மின்அலையை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்களாக்கும். மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கும் மேல் அளக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கணக்கு. சி.டி.க்கு 44,100 என்ற விசித்திர எண் அமைந்ததற்கு வேறொரு கதை உண்டு. தொடக்கத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில் சேமித்தார்கள். ஒரு வரிக்கு 3 அளவு, 245 வரி, நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள்.

போன மார்கழியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு கீர்த்தனை பதிந்தோம். வாய்ப்பாட்டு, மிருதங்கம், தம்புரா. சுவரில் ஜமக்காளம் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்கினோம். ஒலி அளவைக் காட்டும் முள் எவ்வளவு உரக்கப் பாடினாலும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொண்டேன். டிஜிட்டலில் பூஜ்யத்துக்கு மேலே இடமே கிடையாது. அதைத் தொட்டால் அலையின் உச்சி மொட்டையாகிவிடும். மூலம் அப்படியே பத்திரமாக இருக்கும் என்றேனே, அந்த மொட்டையும் பத்திரமாக இருக்கும்.

முதல் டேக்கில் பாடகி காலப்பிரமாணத்தில் பின்தங்கிக்கொண்டே போனார். குற்றம் அவர்மேல் இல்லை. கணினி ஒலியைத் துண்டு துண்டாகத்தான் கையாளும். ஒரு துண்டு 1,024 அளவுகள் என்று வைத்திருந்தேன். அது 21 மில்லிநொடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 40-ஐத் தாண்டிவிடும். தன் குரலே ஹெட்போனில் தாமதமாக வந்தால் யாரால் தாளத்தில் நிற்க முடியும்? 128-க்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. பதியும்போது சிறிய துண்டு, மிக்ஸிங்கின்போது பெரிய துண்டு என்று அன்று மனதில் பதிந்தது.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்திருந்தேன், வலப்பக்கத்து வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத்துத் தொப்பிக்கு ஒன்று. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்துக் கேட்டால் மிருதங்கம் மெலிந்து அட்டைப்பெட்டி தட்டுவதுபோல் ஒலித்தது. வலந்தலையின் 'நம்' தொப்பி மைக்கிலும் விழுகிறது, ஆனால் சற்றுத் தாமதமாக. ஒலி 34 சென்டிமீட்டர் போக ஒரு மில்லிநொடி ஆகும். ஒரு மில்லிநொடித் தாமதத்தில் 500 ஹெர்ட்ஸ் அலையின் மேடும் பள்ளமும் நேருக்கு நேர் மோதி ஒன்றையொன்று கரைத்துவிடும், 1,500-லும் அப்படியே. டிராக்கைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த விலகல் கண்ணுக்கே தெரியும். ஒரு டிராக்கை மயிரிழை நகர்த்தினேன், பிறகு மேடு பள்ளமாகும்படி அதன் துருவத்தை மாற்றிப் பார்த்தேன். மிருதங்கத்துக்கு உடம்பு திரும்பி வந்தது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டவர் பாதி ஒலிப்பொறியாளர் என்று நான் நினைக்கிறேன்.

இனி மிக்ஸிங். எது கேட்கவில்லையோ அதை ஏற்றுவதுதான் புதிதாக வருபவரின் முதல் ஆசை. குரல் கேட்கவில்லை, குரலை ஏற்று. இப்போது மிருதங்கம் கேட்கவில்லை, அதை ஏற்று. கடைசியில் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் எல்லாமே உச்சியில் நிற்கும், பாட்டு மட்டும் கலங்கிக் கிடக்கும். பந்தியில் உட்கார இடம் வேண்டுமானால் பக்கத்திலிருப்பவர் சற்று நகர வேண்டும். அந்த நகர்த்தும் கருவிதான் ஈக்வலைசர். குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினேன். அங்கே பாடகியின் குரல் இல்லை, தெருவில் போன லாரியின் அதிர்வுதான் இருந்தது. தொப்பி அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. சொற்களைத் தெளிவாக்கும் மெய்யொலிகள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. தம்புராவின் பளபளப்பும் அங்கேதான். தம்புராவை அந்தப் பகுதியில் மட்டும் 3 டெசிபல் குறைத்தேன். குரலைத் தொடவே இல்லை, ஆனாலும் சாகித்தியம் எழுத்து எழுத்தாகக் கேட்டது.

கம்ப்ரெஸர் ஃபேடர்மேலேயே இருக்கும் கை மாதிரி: உரக்கப் போனால் இறக்கும். 4-க்கு 1 என்று வைத்தால், நாம் குறித்த எல்லையை 4 டெசிபல் தாண்டும் ஒலி 1 டெசிபல் மட்டுமே தாண்டி வெளியே வரும். ரிவெர்ப் என்பது கூடத்தின் எதிரொலி. மாடி அறைக் குரலுக்குக் கொஞ்சம் தேவைப்பட்டது.

இரண்டு வசதிகளை மட்டும் நான் அணைத்தே வைக்கிறேன். ஒன்று, நிமிடத்துக்கு 120 தட்டு என்று தானாகவே விரியும் தாளக்கட்டம். மிருதங்க வாசிப்பை அந்தக் கோடுகளில் ஒட்டவைத்தால் கோர்வையின் மூச்சு நின்றுவிடும். இன்னொன்று சுருதி திருத்தி. 1997-இல் ஆட்டோ-டியூனைக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் எண்ணெய்த் தேடலுக்காக நில அதிர்வுத் தரவுகளை அலசியவர். அவருடைய கணிதம் அழகானதுதான். ஆனால் சுரத்தை அருகிலுள்ள கட்டையில் கொண்டுபோய் நிறுத்துவது அந்தக் கருவியின் வேலை. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைவுதான் அந்தச் சுரம். அதை நிறுத்தினால் தோடி போய்விடும்.

எல்லாம் முடித்துக் கைப்பேசியில் போட்டுக் கேட்டோம். தொப்பியின் கும்கி ஒலியைக் காணோம். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. தொப்பி டிராக்கில் சாச்சுரேஷன் கொஞ்சம் சேர்த்தேன்; அது அடிச்சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களில் புது ஒலிகளை உண்டாக்கும். அவை ஸ்பீக்கருக்கு எட்டும். அவற்றைக் கேட்ட காது, வராத அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். மறுபடி கைப்பேசியில் போட்டேன். மிருதங்கம் வாசித்தவர் ஒன்றும் பேசாமல் இடது கையால் தொடையில் கும்கி போட ஆரம்பித்தார்.