சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு போடலாமா?

சோயாப் புண்ணாக்கு விலை ஏறினால் கடலைப் புண்ணாக்கு தாராளமாகப் போடலாம். இரண்டிலுமே நூற்றுக்கு 45 பங்குபோல புரதம் இருக்கு. ஆனால் கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. அதை ஈடுகட்டாவிட்டால் குஞ்சு எடை கூடாது.

கருவாட்டுத் தூள் அந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் அளவு மிஞ்சினால் கறியில் மீன் வாடை அடிக்கும். விற்பனைக்கு முந்தின வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திடுங்க.

பூசணம் பிடித்த புண்ணாக்கை மட்டும் தொடாதீங்க. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். வெயிலில் உலர்த்தினாலும், வேகவைத்தாலும் முழுதும் போகாது.

மூட்டை விலையை மட்டும் பார்க்காதீங்க. ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீனி செலவாச்சு என்று குறித்து வையுங்க. லாபமா நட்டமா என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.