பழைய காரில் முதலில் வயதாவது எது?

டீ சூடாக இருக்கிறது, ஆறட்டும். அதற்குள் உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் நிற்கிற மாருதி 800-ஐ வைத்துக்கொள்ளலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டீர்கள். சான்ட்ரோ வைத்திருப்பவர்களும் பழைய ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். என் பதில், தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை அதற்கு ஒதுக்க வேண்டும்.

மாருதி 800 முதன்முதலில் வாடிக்கையாளர் கைக்கு வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். ஆக, இருக்கிறதிலேயே இளைய வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஒரே சாவியில் கிளம்புகிறது. எஞ்சின் பிளாக், கியர் பெட்டி, அச்சு போன்ற உலோகச் சாமான்கள் அவ்வளவு சீக்கிரம் தோற்பதில்லை. கடலோர ஊர்களில் துரு தின்னும், அது வேறு கதை. மற்ற இடங்களில் காருக்கு வயதாவது என்றால் முதலில் அதன் ரப்பருக்கும் அதற்குள் ஓடும் திரவங்களுக்கும் வயதாவதுதான். இவை இரண்டும் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, காலண்டரைப் பார்க்கின்றன. ‘வண்டி அதிகம் ஓடவே இல்லை, புதுசு மாதிரி’ என்று சொல்லி விற்கிறார்களே, அந்த வண்டியிலும் ஹோஸ் வெடித்திருக்கும், பிரேக் ஆயில் கறுத்திருக்கும். இவற்றைக் கவனிக்க ஒர்க்‌ஷாப் வேண்டியதில்லை. வீட்டு வாசலே போதும்.

கூலன்ட்டிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் பழைய கார்களை அதிகம் சாகடிப்பது இதைக் கவனிக்காததுதான்.

‘நமக்கென்ன பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு, தண்ணீர் ஊற்றினால் போதாதா’ என்று பலர் கேட்பார்கள். தண்ணீர் உறையாமல் காப்பது கூலன்ட்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே. அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம். பெரும்பாலான கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதன் வழியாக போர்வெல் தண்ணீரை ஓட்டினால் உப்பு படியும், உலோகம் அரிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். அதற்குப் பிறகு ஆகும் செலவில் பல வருஷத்துக்கான கூலன்ட் வாங்கிவிடலாம். வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் காரின் கையேடு சொல்கிற வகையைப் பாருங்கள், ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். தண்ணீர் கலந்தே வருகிற கூலன்ட் என்றால் வீட்டு வேலைக்கு வசதி. கலக்காதது என்றால் குழாய்த் தண்ணீர் கூடாது, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சேர்க்க வேண்டும்.

கூலன்ட்டைவிட அதிகம் ஏமாற்றுவது ரேடியேட்டர் மூடி. பார்க்க ஒரு தகர மூடிபோலத்தான் இருக்கும். உண்மையில் அது பிரஷர் குக்கரின் வெயிட்டும் கேஸ்கெட்டும் சேர்ந்த மாதிரி. எஞ்சின் ஆறியபிறகு அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேலே 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அந்த அளவு அழுத்தம் வரும்வரை மூடி திறக்காது. 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் அடியில் ஸ்பிரிங், அதன்கீழ் ஒரு ரப்பர் வளையம். அந்த ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தாலோ, ஓரத்தில் வெடிப்பு இருந்தாலோ அழுத்தம் நிற்காது, தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். வளையத்தின் நடுவில் ஒரு சிறு வால்வும் உண்டு. விரலால் இழுத்துவிட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். எஞ்சின் ஆறும்போது பக்கத்து பாட்டிலில் இருக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குள் திரும்ப இழுக்க வழிவிடுவது அதுதான். அது சிக்கிக்கொண்டால் பாட்டிலில் அளவு சரியாகவே இருக்கும், ரேடியேட்டரோ காலியாகிக்கொண்டே வரும். காலையில் பானட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் முதலில் இந்த வால்வைச் சந்தேகப்படுங்கள். மூடி மலிவான பொருள். அதே எண் போட்ட புது மூடியை வாங்கிப் போட்டுவிட்டு, ‘ரேடியேட்டரையே மாற்றணும்’ என்று யாராவது சொன்னால் ஒரு வாரம் பொறுங்கள்.

கூலன்ட் மாற்றுவதும் கடினமில்லை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், இதில் விளையாட்டே கூடாது. ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திப் பழையதை ஒரு பேசினில் பிடித்து, நல்ல தண்ணீரால் கலங்கல் போகும்வரை அலசி, புதியதை ஊற்ற வேண்டும். பிறகு ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, மூடியைப் போடாமல் எஞ்சினை ஐடிலில் விடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று குமிழி குமிழியாக வரும், அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே வரலாம். ரேடியேட்டர் மின்விசிறி ஒருமுறை சுழன்று நின்ற பிறகு மூடியைப் போடலாம். பலரும் விட்டுவிடுவது இந்தக் காற்று எடுக்கும் வேலையைத்தான். பேசினில் பிடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். நாயோ குழந்தையோ வாய்வைக்காமல் கேனில் மூடி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வண்டி சூடாகிறது என்று போனால், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ‘இனிமே ஹீட்டே ஆகாது சார்’ என்று அனுப்புகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அந்த வால்வு ஏறத்தாழ 82 டிகிரிக்கு மேல் திறந்து, எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டிலேயே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும். வண்டி சூடானதற்கு வேறு காரணம் இருந்திருந்தால் அதுவும் அப்படியேதான் இருக்கும். உங்கள் காரில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

டீயைக் குடியுங்கள். அடுத்தது பிரேக் ஆயில். அது ஆயிலே அல்ல, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் ஒரு திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அதே திரவத்துக்கு விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230, 155. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது தெரியும். திரவம் கொதித்துக் குமிழி கட்டும், குமிழி அமுங்கும், பெடல் கால்கீழே இறங்கிப்போகும், வண்டி நிற்காது. மலை இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொன்னதும் இதனால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். புதிய திரவம் வெளிர்மஞ்சளாக இருக்கும். டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். கேனைத் திறந்து பல மாதம் அலமாரியில் வைத்த மிச்சம் உதவாது. பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் கழன்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பாட்டிலில் அளவு இறங்கினால் வெறுமனே ஊற்றி நிரப்புவதும் சரியில்லை. கசிவு இல்லையென்றால், பேட் தேய்ந்ததால்தான் அளவு இறங்கியிருக்கும். முதலில் பேடைப் பாருங்கள்.

மாற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளைத் தளர்த்தி இறுக்க வேண்டும். முதல் தடவை மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தெரியாமல் செய்து காற்று உள்ளே போய்விட்டால் பிரேக்கே இருக்காது.

பேட்டரி எளிது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்து, மேலே வாசலைன் பூசுங்கள். கரைசல் பேட்டரி மூடிக்குள் மட்டும் போகக்கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் வயர் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. அது மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் எங்காவது இடித்த நொடியில் தீப்பொறி பறக்கும். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12-க்குப் பக்கம் வந்தால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். அது வராவிட்டால் பழுது ஆல்டர்னேட்டர் பக்கம். புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை.

எஞ்சின் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் போதும்: சமதரை, ஆறிய எஞ்சின், துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பதில் பயமில்லை. பால் கலந்த காபிபோல் இருந்தால் கூலன்ட் உள்ளே வருகிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அதன் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்த டயரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஸ்டெப்னியையும் சேர்த்தே பாருங்கள். ரப்பர் விஷயத்தில் இன்னொன்று: இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்களின் ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. எரிபொருள் ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ பெட்ரோல் வாடையோ இருந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸாக அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் தீ பிடிக்கும்.

டைமிங் பெல்ட், ஏசி கேஸ், ஸ்டீயரிங் ஜாயின்ட் இவற்றில் கை வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒரு மெக்கானிக் வேண்டும். அவரிடம் போகும்போது ஒரு நோட்டும் வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்றினோம் என்று எழுதிய நோட்டு. அது இருந்தால் அவருடைய வேலை பாதியாகும், தேவையில்லாத செலவும் குறையும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, டெயில் லைட் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கலாம், நன்றாகவே கிடைக்கும். பிரேக் சாமானைப் பழையதாக வாங்கவே கூடாது. 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை. இப்படிக் கவனித்த வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோவதில் பயம் இருக்காது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் எனக்காகக் கேளுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. சற்றுச் சரிவான தரையில் அது சாய்ந்தால் முக்கால் டன்னுக்கு நெருங்கிய எடை கீழே வரும். அடியில் ஏதோ ஒழுகுகிறதே, ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம் என்று தலையை விடாதீர்கள். எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டிக்கு அடியில் சரியான இடத்தில் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளை வைத்து, கையால் ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்றால் மட்டும் கீழே போங்கள். ஸ்டாண்டு இல்லையா, அன்றைக்கு அந்த வேலை வேண்டாம்.