கான்பூரில் பிறந்த ஆவ்ரோ

இடக்கொச்சியிலிருந்து காயலோரமாக வடக்கே போனால் வெல்லிங்டன் தீவு வரும். துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கும்வரை, கொச்சிக்கு வந்த பயணி விமானங்கள் இத்தீவின் கடற்படைத் தளத்தில்தான் இறங்கின. அவற்றுள் ஒன்று, இந்தியத் தொழிலாளர்கள் கட்டிய ஆவ்ரோ 748.

டகோட்டா விமானங்களுக்கு வயதாகிவிட்ட காலத்தில் உருவானது ஆவ்ரோ. டகோட்டாக்களின் இடத்தை நிரப்ப பிரிட்டனின் ஆவ்ரோ நிறுவனம் வடிவமைத்த 748, 1960 ஜூன் 24 அன்று முதன்முறையாகப் பறந்தது. அதைக் கட்டும் உரிமத்தை இந்தியா முன்கூட்டியே வாங்கியிருந்தது. கான்பூரில் விமானப்படை அமைத்த தொழிற்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் ஹர்ஜிந்தர் சிங். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்தவர். 1961 நவம்பர் 1 அன்று கான்பூரின் முதல் ஆவ்ரோ வானேறியது. முந்தைய ஆண்டு மறைந்த விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்கு ‘சுப்ரதோ’ என்று பெயர் வைத்தார்கள். 1964இல் தொழிற்கூடம் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) நிறுவனத்தின் வசம் வந்தது. மொத்தம் 89 ஆவ்ரோக்கள் அங்கே உருவாயின.

நீளம் குறைந்த ஓடுதளம்கூட ஆவ்ரோவுக்குப் போதும். இரண்டு ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் எஞ்சின்கள், இறக்கைக்கு மேலே தூக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்தால் எஞ்சினின் வலுவும் குறையும். அதை ஈடுகட்ட, மேலெழும்பும் நேரத்தில் நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் பீய்ச்சுவார்கள். ஜெட் விமானங்கள் எட்டிப் பார்க்காத சிறு நகரங்களுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் போக முடிந்தது இதனால்தான். சோகங்களும் உண்டு: 1971 டிசம்பர் 9 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஆவ்ரோ சின்னமனூர் அருகே மலையில் மோதியதில் 21 பேர் இறந்தார்கள்.

கான்பூர் அடுத்து டோர்னியர் 228 கட்டியது. 1988இல் லட்சத்தீவின் அகத்தியில் ஓடுதளம் திறக்கப்பட்டதும், கொச்சியிலிருந்து அங்கே பறந்தது இந்தக் குட்டி விமானம்தான். ஆனால் ஆவ்ரோ அளவிலான பயணி விமானத்தை அதன்பின் நாம் கட்டவேயில்லை. இன்று சிறு நகரங்களை இணைப்பவை பெரும்பாலும் பிரான்ஸிலிருந்து வாங்கிய ஏ.டி.ஆர். விமானங்கள். விமானப்படையின் ஆவ்ரோக்களுக்கு மாற்றான சி-295 போக்குவரத்து விமானம் இப்போது வதோதராவில் கட்டப்படுகிறது. அந்தக் கைத்திறன் பயணி விமானத்துக்கும் வர வேண்டும். சிறு ஊர்களின் வான்வழியை அயல்நாட்டுத் தொழிற்சாலைகளை நம்பியே விட்டுவைக்கலாகாது.