கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆலயங்கள்: எழுத்தில்லாமல் எழுந்த துதி

சென்ற வாரம் கிள்ளான் லூர்து மாதா ஆலயத்தோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்குவோம். நடக்கிற தூரத்தில் பிரிக்பீல்ட்ஸ். அங்கே 1924-இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம். ரயில்வே வேலைக்கு வந்த தமிழர் நிறைந்திருந்த பேட்டை அது. ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு ஒரு பாட்டுப் பழக்கமும் வந்து சேர்ந்தது.

லுத்தரன் சபையாருக்குப் பாட்டு இரண்டு வகை. 18-ஆம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் ஐயர் ஜெர்மன் மொழியிலிருந்து தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் ஒன்று, கீர்த்தனைகள் மற்றொன்று. ஞானப்பாட்டுக்குக் கையில் புத்தகம் வேண்டும். கீர்த்தனைக்குக் காது போதும். பல்லவியை ஒருவர் எடுத்துக்கொடுப்பார், சபை வாங்கிப் பாடும். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்கே திரும்ப வேண்டும் என்பதால், எழுத்தறியாத தோட்டத்துப் பெண்ணுக்கும் பாட்டு முடிவதற்குள் அது சொந்தமாகிவிடும்.

முழு இருதயத்தோடு துதிப்பேன் என்று சங்கீதக்காரர் சொல்வதை நம் பிரசங்கிகள் உணர்ச்சிக் கணக்காகவே விளக்குகிறார்கள்: கை உயர்ந்ததா, கண் கலங்கியதா என்று. எனக்கு அது நினைவின் காரியமாகப் படுகிறது. அடுத்த அடியைத் தேடி அலையும் கண், பாதி மனதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

கீர்த்தனைக்குப் பெரிய பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் உடன்மாணவர். தமிழிசையை ஆராதனையிலிருந்து விலக்கப் பார்த்த மிஷனரிகளோடு அவர் சண்டைபோட்டார். பின்னாளில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டபோது, வழக்கு சாஸ்திரியார் பக்கம் தீர்ந்தது என்றே சொல்லலாம். ஆனால் சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கட்டும் என்று வாதாடியவரும் இவரேதான். இதை நம் சபை மலர்கள் எழுதுவதில்லை. மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் அந்த வேற்றுமையின் அடியில் மிதிபட்டவர்கள். அவருடைய வாதத்தை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள், பாட்டை அறிந்திருந்தார்கள்.

இன்று பள்ளத்தாக்கின் தமிழ்ச் சபைகள் பலவற்றில் டிரம்ஸும் கீபோர்டும் முழங்குகின்றன. சங்கீதம் 150 கைத்தாளத்துக்கே இடம் கொடுத்திருக்கும்போது அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? பெரியவர்களுக்கு உறுத்துவது வேறு: திரையில் தமிழ்ப் பாட்டு ரோமன் எழுத்தில் ஓடுகிறது. தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "தமிழே தெரியாத துதி" என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பூட்டிக்கு மட்டும் வாசிக்க வந்ததா? அவளுக்குத் திரை இல்லை, அதனால் மனப்பாடம் ஆயிற்று. போதகர்மார் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையை அணைத்துவிட்டு, குரல்வளமுள்ள யாராவது ஒருவரைப் பல்லவி எடுத்துக்கொடுக்கச் சொல்லலாம். முதல் சரணம் வரை பிள்ளைகள் தடுமாறுவார்கள். தடுமாறட்டும்.

(தொடரும்)