கட்டட வேலைக்கு மூங்கில்

காவற் கொட்டில், வெங்காயக் கொட்டில், பாகலுக்கும் புடோலுக்கும் உரிய பந்தல் ஆகியவற்றை அமைக்கக் கமக்காரர் பலர் மூங்கிலைப் பயன்படுத்துவர். ஒரே புதரில் வெட்டிய மூங்கிலாற் கட்டிய இரு கொட்டில்களுள் ஒன்று பல ஆண்டுகள் நிலைத்திருக்க, மற்றது விரைவிற் சாய்ந்துவிடுவதுண்டு. மூங்கிலின் அமைப்பை அறிந்து கையாளாமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

அமைப்பும் வலிமையும்

நெல்லைப் போன்று மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தது. நெற்றாளைப் போலவே இதன் தண்டும் உள்ளே குழலாயும் இடையிடையே கணுக்களை உடையதாயும் இருக்கும். கணுக்களிலுள்ள குறுக்குத் தட்டுகள் தண்டு நசுங்காமற் காக்கின்றன. தண்டின் சுவரில் நெடுக்காகச் செல்லும் நார்களே அதற்கு வலிமை தருவன. இவை உட்புறத்திலும் பார்க்க வெளிப்புறத்தில் நெருக்கமாக உள்ளன. தண்டு வளையும்போது மிகுந்த இழுவையும் அமுக்கமும் வெளிப்புறத்திலேயே ஏற்படும். இதனாலேயே நிறை குறைந்த மூங்கில் பெரும் பாரத்தைத் தாங்குகின்றது. ஆகவே வெளிப்புறத்தைச் செதுக்கி நீக்குதல் கூடாது.

நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பகுதி மென்மையானது. ஆதலால் மூங்கில் நெடுக்காக எளிதிற் பிளக்கும். ஆணி அறைந்தால் அவ்விடத்தில் வெடிப்புத் தோன்றும். துளையிட்டு மர ஆப்புச் செருகுதல் அல்லது கயிற்றாற் கட்டுதல் நன்று. பாரம் தாங்கும் முனை கணுவை அடுத்திருத்தல் வேண்டும்.

முற்றிய தண்டைத் தெரிதல்

பேராதனைப் பூங்காவிலுள்ள இராட்சத மூங்கிலின் குருத்து, மழைக்காலத்தில் ஒரு நாளில் ஏறக்குறைய 1 அடி வளரக்கூடியது. மூங்கில் சில மாதங்களில் முழு உயரத்தை அடையும், அதன்பின் பருப்பதில்லை. ஆயினும் நார்கள் முற்ற 3 அல்லது 4 ஆண்டுகள் செல்லும். பருமனை மட்டும் கண்டு இளந்தண்டை வெட்டினால், அது உலரும்போது சுருங்கி வெடிக்கும். புதுத்தண்டுகளில் அவை தோன்றிய ஆண்டைக் குறித்துவைத்தால் வயதை எளிதில் அறியலாம்.

பாதுகாத்தல்

தண்டிலுள்ள மாப்பொருளை உண்ணும் வண்டுகள் மூங்கிலைத் துளைத்துத் தூளாக்கிவிடும். வெட்டிய தண்டைச் சில கிழமைகள் நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் இச்சேதம் குறையும். போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்தல் இதனினும் சிறந்தது. ஆனால் மழைநீர் இம்மருந்தைக் கழுவிவிடும்.

பாதுகாப்பு எதுவுஞ் செய்யாது மண்ணில் ஊன்றிய மூங்கில் 1 முதல் 3 ஆண்டுகளில் உக்கிவிடும். எனவே கப்புகளைக் கல் அல்லது சீமெந்துப் பீடத்தின்மேல் நிறுத்தி, மழைச்சாரல் படாதவாறு கூரையின் இறப்பை நீட்டி வேய்தல் வேண்டும்.