ஸ்ரீ மேடான் இரும்பும் அம்மாவின் புட்டும்

வானொலியில் பேசியே பிழைப்பவன் நான். ஆனால், போன மாதம் அக்கா மகள் கேட்ட கேள்விக்கு வாயடைத்துப் போனேன். பாரிட் ராஜாவில் பொறியியல் படிக்கிறாள்.

"மாமா, துளையுள்ள கனிம உருண்டைக்குள்ள வாயு எப்படி வினைபுரியுதுன்னு பக்கம் பக்கமா கணக்கு. யாருக்கு இது? பேசாம வேற பாடத்துக்கு மாறிடவா?"

அம்மா புட்டுக் குழலில் மாவை நிரப்பிக்கொண்டிருந்தார். "அழுத்தி அடைச்சா ஆவி ஏறாது. நடுவுல பச்சை மாவாவே நிக்கும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அவள் நிமிர்ந்தாள். "பாட்டி சொல்றதுதான் மாமா அந்தக் கணக்கு!"

பிறகு அவளே விளக்கினாள். இரும்புத் தாதுத் தூளைக் கோலிக்குண்டு அளவில் உருட்டிச் சுடுவார்கள். சூடான ஹைட்ரஜனோ கார்பன் மோனாக்சைடோ உள்ளே நுழைந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும், மிஞ்சுவது இரும்பு. இறுக்கமான உருண்டையில் வெளிப்புறம் முதலில் இரும்பாகும். நடுவிலுள்ள தாதுக் கரு மெல்லச் சுருங்கும். 1955இல் ஜப்பானிய அறிஞர்கள் யாகி, குனி இருவரும் இதைக் கணக்காக்கினார்கள். வினை நடப்பதில்தான் தாமதம் என்றால், உருண்டையின் விட்டம் இருமடங்கானால் நேரமும் இருமடங்கு. வாயு உள்ளே போவதில்தான் தாமதம் என்றால் நான்கு மடங்கு! 1970களில் ஜூலியன் செக்கெலி முதலானோர், துளை நிறைந்த உருண்டையைச் சிறுமணிகளின் திரளாகக் கருதிக் கணக்கிட்டார்கள். துளைகள் தாராளமாக இருந்தால் உள்மணிகளும் வெளிமணிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வினைபுரியும்.

கேட்கக் கேட்க எனக்குச் சுருக்கென்றது. இதே பத்து பாகாட் மாவட்டத்தின் ஸ்ரீ மேடானில், 1920களில் ஜப்பானியத் தொழிலதிபர் இஷிஹாரா ஹிரோயிச்சிரோ இரும்புச் சுரங்கம் நடத்தினார். தாது கப்பலேறி ஜப்பானின் யவாத்தா உருக்காலைக்குப் போனது. கல் இங்கிருந்து போனது. அதை இரும்பாக்கும் வித்தை அங்கே இருந்தது.

இன்று அந்த வித்தையே மாறுகிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7 விழுக்காடு இரும்பு, எஃகுத் தொழிலிலிருந்து வருகிறது. அதைக் குறைக்க, 2020இல் சுவீடனின் லூலியோ நகரில் ஹைபிரிட் திட்டத்தின் முன்னோட்ட ஆலை திறக்கப்பட்டது. அங்கே நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜன். வினையில் வெளிவருவது நீராவி. உருண்டை எவ்வளவு பெரிது, எவ்வளவு துளை, உலையில் எவ்வளவு நேரம்? எல்லாவற்றுக்கும் அவள் அலுத்துக்கொண்ட அதே கணக்குதான் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் "இதை எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்கும் பிள்ளை இருக்கலாம். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாடத்தை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை பாடம் மாறவில்லை.